வெள்ளிக்கிழமை மதியத்து ஆட்டம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெருநகர் என்கிற எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயால்தான் போன பொங்கலுக்கு ஆறு பிள்ளைகளின் ஆட்டம் மேடை ஏறாமலே போகப் பார்த்தது. அதனால் இதை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

என் பெயர் சசிரேகா. எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் தற்காலிக டீச்சர். காணும் பொங்கலன்று உத்திரமேரூரில் ஒரு நற்பணி மன்றம் வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடனப் போட்டி வைக்கிறது. எங்கள் பள்ளியிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை. இந்த வருஷம் ஏழாம் வகுப்புப் பெண்கள் ஆறு பேர் போயே தீருவோம் என்று என் காலைச் சுற்றினார்கள். அவர்களுக்குத் தலைவி இளமதி, என்னோடு பத்தாவது படித்த தேவயானியின் மகள். என்ன ஆட்டம் டீச்சர் என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. பதினேழு வருஷமாக ஒரு ஆட்டத்தை அடி பிசகாமல் மனசுக்குள் வைத்திருக்கிறேன். துணி துவைக்கும்போதுகூட என் தோள் அந்தத் தாளத்துக்கு அசையும். என் வீட்டுக்காரர் அரவிந்தன் கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துப் பயந்துபோய் என் அம்மாவிடம் தனியாக விசாரித்தாராம்.

அந்த ஆட்டம் எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன்.

நாங்கள் பத்தாவது படித்த வருஷம் டி.வி.யில் ஒரு நடனப் போட்டி வந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழரை மணி. அதுவரை நாங்கள் பேர்கூடக் கேட்டிராத ஊர்களிலிருந்து பையன்களும் பெண்களும் ஜிகினாச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஆடுவார்கள். மூன்று நடுவர்கள். ஒருவர் திட்டுவார், ஒருவர் அழுவார், ஒருவர் மேடைக்கே ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார். வாரத்துக்கு ஒருவரை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அத்தனை பேரும் அதற்குப் பைத்தியம். யாருக்கு எந்த வாரம் எத்தனை மார்க் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். எங்கள் சொந்த மார்க்கைக் கேட்டால்தான் முழிப்போம். இப்போது என் பிள்ளைகள் போனில் முப்பது செகண்ட் ஆட்டம் பார்த்துவிட்டு விரலால் மேலே தள்ளிவிடுகிறார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு ஆட்டத்துக்காக ஏழு நாள் காத்திருந்தவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும். எனக்கு அந்த நாட்கள் இன்றைக்கும் தித்திப்பாகத்தான் இருக்கின்றன.

நான் நான்கு வாரம்தான் பார்த்தேன். ஐந்தாவது வாரம் அப்பாவுக்குத் திடீரென்று நான் பத்தாவது படிப்பது ஞாபகம் வந்துவிட்டது. கேபிள்காரரைக் கூப்பிட்டு ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டார். பரீட்சை முடிந்து மாட்டிக்கொள்ளலாமாம். நான் சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்திலேயே, இரண்டு வீடு தள்ளி, பெரியப்பா முத்துகிருஷ்ணன் வீடு. அங்கே பெரிய டி.வி. இருந்தது. ஆனால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு வரப்பு விஷயமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அந்த வாசலை நாங்கள் மிதிக்கக் கூடாது. இதில் இன்னொரு கொடுமை, பெரியப்பாவுக்குக் காது மந்தம். டி.வி.யை அவர் வைத்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். வியாழக்கிழமை ஏழரை மணிக்கு நான் அறிவியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாட்டு வரும். கைதட்டல் வரும். நடுவர் பேசுவது ஒவ்வொரு வார்த்தையும் வரும். படம் மட்டும் வராது. அந்த எரிச்சலை எழுதி மாளாது. முதல் வியாழக்கிழமை தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை பஸ்ஸிலும் அழுதபடிதான் போனேன். உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் எல்லோரும் ஒரே பஸ். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தேவயானி என்னாச்சு என்று கேட்டாள். சொன்னேன். அவள் பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, தன் வீட்டுக்குக் கவர்மென்ட் இலவச டி.வி. வந்திருக்கிறது, கேபிளும் இழுத்தாயிற்று, நேற்று முழுசாகப் பார்த்தேன், மதியம் ஆடிக் காட்டட்டுமா என்றாள்.

தேவயானி வீடு காலனியில். அவள் அப்பா தானியேல் செங்கல் சூளை வேலைக்குப் போவார். அம்மா செங்கேணி என் பெரியப்பா வீட்டில் மாடு பார்த்துக்கொள்வார். தேவயானி வகுப்பில் கடைசி பெஞ்சு, பேசவே மாட்டாள். அவள் ஆடுவாள் என்று யார் நினைத்தது?

அன்றைக்கு மதியம் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் தாவணியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பாட்டையும் அவளே வாயால் பாடினாள். பிறகு ஆடினாள். நான் தயிர்சாத டப்பாவைத் திறந்தபடியே மறந்துபோய் நின்றேன். கையில் சாதம் காய்ந்துவிட்டது. முழங்காலிட்டு மண்ணில் வழுக்கிக்கொண்டு வந்தாள் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆடி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே மூன்று நடுவர்களும் பேசியதை அவரவர் குரலிலேயே பேசிக் காட்டினாள். மார்க்கையும் சொன்னாள். டி.வி. இல்லாத குறையே எனக்குத் தெரியவில்லை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் என்றால் சைக்கிள் ஷெட்தான். முதலில் நான் மட்டும். பிறகு ஐந்து பேர், பத்து பேர். டவுன் பெண் அம்முலு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, அப்படி ஆடவே இல்லை, எங்கள் வீட்டில் நானும் பார்த்தேன் என்றாள். தேவயானி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வந்ததே கோபம். உங்கள் வீட்டு டி.வி. பழசு, கலங்கலாகத் தெரியும், இவள் வீட்டில் புத்தம் புது டி.வி., உனக்குக் கண் சரியில்லை என்றால் டாக்டரிடம் போ என்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். அம்முலு அழுதுகொண்டே போனாள். பாவம். அவளை எங்காவது பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இறுதிச் சுற்று ஆட்டத்தைத் தேவயானி ஆடிய அந்த வெள்ளிக்கிழமை இருபது பேருக்கு மேல் நின்றோம். வேகமான குத்துப் பாட்டு. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். தோள் மட்டும் ஆடியது. சட்டென்று திரும்பினாள், ஓடினாள், மூன்று சுற்றுச் சுற்றினாள். பாட்டு உச்சத்துக்குப் போகிற இடம், எல்லோரும் குதிப்பார்களே அந்த இடம், அங்கே அவள் அப்படியே நின்றுவிட்டாள். பாட்டையும் நிறுத்திவிட்டாள். பத்து எண்ணும் நேரம் அசையவே இல்லை. வலது கை விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக விரிந்தன. சுண்டுவிரல் விரிந்த பிறகுதான் பாட்டு மறுபடி வந்தது, அவளும் வந்தாள். நான் அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து எண்ணிக்கையைப் போல ஒன்றை எங்கும் பார்த்ததில்லை.

பத்தாவதோடு அவள் நின்றுவிட்டாள். கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் பக்கம் பேக்கிங் வேலைக்குப் போனாள். எங்கள் ஊர்க் காலனியிலேயே பாண்டியன் என்பவரைக் கட்டிக்கொண்டாள். நான் மேலே படித்தேன். எப்போதாவது பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் நன்றாயிருக்கீங்களா டீச்சர் என்பாள். நானும் நன்றாயிருக்கிறேன் என்பேன். அவ்வளவுதான் எங்கள் சினேகிதம்.

இனி என் வாய் செய்த வேலைக்கு வருகிறேன்.

போட்டிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் 'நடனம் அமைத்தவர்' என்று ஒரு கட்டம். நான் பெருமை தாங்காமல், 'டி.வி. நடனப் போட்டியில் முதல் பரிசு பெற்ற ஆட்டம்' என்று எழுதி, அதற்கு அடிக்கோடு வேறு போட்டேன். போதாததற்கு மன்றத்துச் செயலாளர் மோகன்குமாரிடம் நேரிலும் அளந்தேன். மனிதர் கேட்டுக்கொண்டார். மாட்டுப் பொங்கலன்று காலையில் போன் செய்தார். டி.வி., சினிமாவில் வந்த ஆட்டத்தைக் காப்பி அடிக்கக் கூடாது என்பது போட்டி விதியாம், சொந்த ஆட்டமாக இருக்க வேண்டுமாம். நடனம் அமைத்தவர் யாரோ, அவர் நாளைக்கு மேடை ஏறி மைக்கில் தன் பேரைச் சொன்னால்தான் குழுவை ஆடவிடுவார்களாம். அதுதான் அங்கே வழக்கமாம். கெஞ்சினேன். சத்தம் போட்டும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

பிள்ளைகள் ஒன்றரை மாதமாக ஆடியிருக்கிறார்கள். மார்கழிப் பனியில் பள்ளி மைதானத்தில் கால் விறைக்க விறைக்க ஆடியிருக்கிறார்கள். அந்தப் பத்து எண்ணிக்கை நிற்பதற்கு இளமதி மட்டும் எத்தனை நாள் பயிற்சி எடுத்திருப்பாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அரவிந்தன்தான் ஒரு யோசனை சொன்னார். பழைய நிகழ்ச்சிகளை யாராவது போனில் ஏற்றி வைத்திருப்பார்கள், தேடிப் பார்க்கலாம், எது எது ஒத்துப்போகிறதோ அந்த அடிகளை மாற்றிவிடலாம் என்றார். நல்ல யோசனை. ஒரு மணி நேரம் தேடினோம். கிடைத்தது. மங்கலான படம், மூலையில் தேதி. அதே இறுதிச் சுற்று, அதே பாட்டு.

ஆட்டம் வேறு.

வேறு என்றால் ஒரு அடிகூட ஒத்துப்போகவில்லை. ஒரு பையன், அவனுக்குப் பின்னால் நான்கு பேர், ஏணி, புகை. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அவன் மேலேயிருந்து கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறான். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் பயந்துபோய் மூச்சுக் காட்டாமல் பார்க்கிறார்கள். இறங்கியதும் கைதட்டுகிறார்கள். சுமாரான ஆட்டம்தான், உண்மையைச் சொன்னால். நான் மூன்று முறை பார்த்தேன். வேறு வாரத்து ஆட்டம் ஒன்றையும் தேடிப் பார்த்தேன். அதுவும் வேறு. நடுவர் பேசியது மட்டும், மார்க் மட்டும், தேவயானி சொன்னது சொன்னபடி இருந்தது.

அப்படியென்றால் காப்பி இல்லை என்று அரவிந்தன் துள்ளினார். எனக்குத் துள்ள வரவில்லை. பதினேழு வருஷம் ஒருத்தி என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. அம்முலு அழுத முகம் வேறு கண்ணில் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் தெருவிலிருந்து காலனிக்குப் பத்து நிமிஷ நடை. அந்த வழியில் நான் அதற்கு முன் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் போக மாட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள்தான் எங்கள் தெருவுக்கு வருவார்கள், வேலைக்கு. வழி கேட்டுக் கேட்டுத்தான் போனேன், உள்ளூரில்.

தேவயானி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இப்போது தொகுப்பு வீடு. என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. வாங்க டீச்சர் என்று உள்ளே கூட்டிப் போய் நாற்காலி போட்டாள். இளமதி பயிற்சிக்குப் போயிருந்தாள். நான் உட்காராமலே போனை எடுத்து அந்த ஆட்டத்தைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் பார்த்தாள். கடைசிவரை பார்த்தாள். கயிற்றில் தொங்கும் இடத்தில் மட்டும் அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"இதானா அது. தொங்கிக்கினு கீறான். அதான் ஒருத்தரும் சத்தம் போடல."

ஏண்டி என்னை ஏமாற்றினாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாயில்லை.

அவள் மெதுவாகச் சொன்னாள். இலவச டி.வி. வந்தது நிஜம். ஆனால் அப்போது அவர்கள் குடிசை புறம்போக்கில் இருந்தது, கரண்ட் கொடுக்கவில்லை. டி.வி. அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. அதன்மேல் துணி மடித்து வைத்திருந்தார்கள். வியாழக்கிழமைகளில் அவள் செங்கேணியோடு என் பெரியப்பா வீட்டுக்குப் போவாள். அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டி, பாத்திரம் கழுவி முடிக்கும்வரை கொட்டகையில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள். கூடத்தில் ஓடும் டி.வி. அங்கே நன்றாகக் கேட்கும். உள்ளே போய்ப் பார்க்க யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை.

"பாட்டு கேக்கும். கைத்தட்டு எங்க வருதுன்னு கேக்கும். அங்க ஒரு பெரிய ஸ்டெப்பா போட்டுக்குவேன். ஜட்ஜுங்க பேசுறத வச்சி மீதி. கடைசி பாட்டுல நடுவுல ஒருத்தரும் மூச்சு விடல. பாட்டு ஓடுது, சனம் கம்முனு கீது. அந்த எடத்துல ஆடுறவ இன்னா பண்ணிக்கினு இருப்பான்னு ராவெல்லாம் யோசிச்சேன். அசையாம நின்னாத்தான சனம் அப்பிடி கம்முனு இருக்கும்."

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. உட்கார்ந்தேன். அதே சத்தம்தான் என் காதிலும் விழுந்தது. அதே வியாழக்கிழமை, அதே ஏழரை மணி, இரண்டு வீடு தள்ளி. நான் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதேன். இவள் அதிலிருந்து ஒரு ஆட்டத்தை எடுத்திருக்கிறாள். வாரம் ஒன்று, பதினெட்டு வாரம். என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. இப்படி ஒருத்தியோடு ஒரே பஸ்ஸில் போய்வந்தேன் என்று பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஒரே ஒரு நாள் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தால் டி.வி.யும் இல்லை, கரண்டும் இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். நாங்கள் யாரும் அங்கே போக மாட்டோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பொய் அதனால்தான் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது.

எதற்காகச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீதான் அழுதுகினு வந்த சசி. ஒரு தபா சொல்லிட்டு வுட்டுர்லாம்னுதான் பாத்தேன். ஆடும்போது நீ பாத்த பாரு ஒரு பார்வ. அப்பிடி என்ன அதுக்கு முன்னாடி யாரும் பாத்தது இல்ல. அத்த வுட மனசு வரல."

நான் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு அவள் மேடை ஏறி, இது நான் அமைத்தது என்று மைக்கில் சொல்ல வேண்டும், சொன்னால்தான் பிள்ளைகள் ஆட முடியும் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. முடியாது என்றாள். அம்மா டி.வி. பார்த்துப் பள்ளிக்கூடமே கூடி நிற்க ஆடினவள் என்றுதான் இளமதியிடம் சொல்லி வளர்த்திருக்கிறாளாம். நான் சொல்லிக்கொடுக்கும் ஆட்டத்தை மகள் வீட்டில் வாயால் விவரித்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். வாயைத் திறக்கவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் கொட்டகையில் நின்று கேட்டவள் என்று எப்படிச் சொல்வது, நாளைக்குப் பிள்ளையை நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றாள்.

"உன் பேர சொல்லிடு. நீதான கத்துக் குடுத்த. புள்ளைங்க ஆடுனா போதும் எனுக்கு."

எனக்கு அது பெரிய சங்கடமாகத் தோன்றவில்லை அப்போது. உண்மையைச் சொல்கிறேன். நிம்மதியாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ஆட வேண்டும், அதற்கு ஒரு பேர் வேண்டும், அவளே சரி என்கிறாள். மறுநாள் காலை உத்திரமேரூரில் மோகன்குமார் மேஜையில் புது விண்ணப்பத்தில் 'சசிரேகா' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நேற்று டி.வி. என்றீர்களே என்றார். வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று சமாளித்தேன். மைக்கில் சொல்லும்போது தவறாமல் இருந்தால் சரி என்றார்.

மைதானத்தில் நல்ல கூட்டம். காணும் பொங்கல் என்பதால் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கரும்பைக் கடித்துக்கொண்டு, ஐஸ் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேவயானி கம்பெனி சுடிதாரில் அம்மாக்களோடு நான்காவது வரிசையில் இருந்தாள். எங்களுக்கு முன்னால் ஐந்து குழு ஆடினார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் நடனம் அமைத்தவர் முதலில் மைக்கில் வந்து பேரைச் சொன்னார். ஒருவர் தன் குருநாதர் பேர், ஊர் பேர் எல்லாம் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

எங்கள் முறை வந்தது. பிள்ளைகள் பச்சைச் சுடிதாரில் வரிசையாக நின்றார்கள். மோகன்குமார் என் கையில் மைக்கைக் கொடுத்து, நடனம் அமைத்தவர் பேரைச் சொல்லுங்கள் என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை. பேர் நாக்கு நுனியில்தான் இருந்தது. நான்கு எழுத்து, சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான். இளமதி எனக்கு நேராக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்ணில் நின்ற அந்த முதல் மதியம் ஞாபகம் வந்தது. கொட்டகையில் நின்று எடுத்ததை மேடையில் நின்று நான் பிடுங்குவதா? அவள் பேரைச் சொல்லவும் முடியாது, அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். சீக்கிரம் மேடம் என்றார் மோகன்குமார். பேர் இல்லையென்றால் அடுத்த குழுவைக் கூப்பிடட்டுமா என்று அவர் கேட்டார். பிள்ளைகளின் முகம் வெளுத்துப்போனது.

நான்காவது வரிசையில் தேவயானி எழுந்தாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி வந்தாள். படி ஏறி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"எம் பேரு தேவயானி. பெருநகரு காலனி. இத்த அமைச்சவ நான்தான். டி.வி.யில பாத்து இல்ல. எங்க வூட்ல அப்ப கரண்ட் இல்ல. இன்னொருத்தர் வூட்டு மாட்டுக் கொட்டாயில நின்னுகினு பாட்டயும் கைத்தட்டயும் கேட்டேன். மீதி நானே போட்டுக்கினேன்."

அவ்வளவுதான். மைக்கை மோகன்குமாரிடம் கொடுத்தாள். மனிதர் எங்கள் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார். பிறகு என் பேரை அடித்துவிட்டு அவள் பேரை எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் நிறுத்தி நிறுத்தி முழுப் பேரையும் எழுதினாள். இளமதி வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இழுத்து இறுக்கி முடிந்துகொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். மற்ற ஐந்து பேரும் அவளைப் பார்த்துத் திரும்பினார்கள்.

பரிசு என்ன என்று கேட்பீர்கள். மூன்றாவது. முதல் பரிசு கொடுத்த ஆட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும், எனக்கு அந்த நடுவர்கள்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அது கிடக்கட்டும்.

பாட்டு ஆரம்பித்ததும் நானும் தேவயானியும் மேடைக்குக் கீழே ஓரமாக வந்து நின்றோம். ஆறு தோள்கள் ஒன்றாக ஆடின. திரும்பினார்கள், ஓடினார்கள், மூன்று சுற்றுச் சுற்றினார்கள். எனக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. இரண்டாவது பெண் அரை அடி பின்தங்குகிறாள், நேற்றே சொன்னேன், கேட்டால்தானே என்று தேவயானி காதில் பொரிந்துகொண்டே இருந்தேன். பாட்டு உச்சத்துக்குப் போனது. ஆறு பேரும் நின்றார்கள். கரும்பு கடிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. அத்தனை பெரிய மைதானம் மூச்சுக் காட்டாமல் இருந்தது. இளமதியின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தன. எப்படி நிற்கிறாள் பார் உன் மகள் என்று சொல்ல நான் தேவயானி பக்கம் திரும்பினேன். அவள் கண் மேடையைவிட்டு அசையவில்லை. என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாத சசி. அப்ப நான் ஆடிக்கினுதான் இருந்தேன். ஒரு தபா கூட நான் இத்த பாத்ததே இல்ல."